அறுபதாம் இடத்துப் பாட்டா, முதலிடத்துப் பாட்டா?

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை, கோவையில் நண்பன் ஒருவனின் வீட்டு மாடியறையில் எட்டுப் பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். விதிகள் குறைவு; ஆனால் கறாரானவை. மாதத்துக்கு ஒரு தலைப்பு. ஆளுக்கு ஒரு பாட்டு. ஒரு முறைதான் ஒலிக்கும். "இன்னொரு தடவை போடு" என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களைக் கொண்டுவரவும் தடை. முன்பு ஒருவர் அப்படிக் கொண்டுவந்து, எது உசத்தி என்ற சண்டை இரவு பதினொரு மணி வரை நீண்டு, கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். அன்று எழுதிய சட்டம் அது.

இந்த மாதத் தலைப்பு: பாட்டைப் பற்றிய பாட்டு. எதைக் கொண்டுபோவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கார்னர்ஷாப் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. எந்த 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' என்பதில்தான் பத்து நாளாகத் தூக்கம் கெடுகிறது.

ஏனென்றால் இரண்டு இருக்கின்றன. 1997 ஆகஸ்டில் குழு தானே பதிவுசெய்து வெளியிட்ட சிங்கிள் (ஒற்றைப் பாட்டு வெளியீடு) பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 60ஆம் இடம் வரை போய் நின்றுவிட்டது. அதே பாட்டை நார்மன் குக் என்பவர் ரீமிக்ஸ் செய்தார். 1998 பிப்ரவரி கடைசியில் அது நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்த நாற்காலியில் இருந்தது செலின் டியோனின் டைட்டானிக் பாட்டு. அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தது மடோனா. நடுவில் ஒரே ஒரு வாரம், இந்திப் பாடகி ஆஷா போஸ்லேயின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பாட்டு பிரிட்டனின் தலைமேல் இருந்தது.

ஆறே மாதத்தில் அறுபதிலிருந்து ஒன்று. அதே குரல், அதே சொற்கள், அதே கிட்டார். அப்படியானால் கேட்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது? "ஜெயித்ததை எடு" என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

முதலில் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் ஒப்பிட்டால் டிரம்ஸ் சத்தத்தை மட்டும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எழுதிப் பாடியவர் டிஜிந்தர் சிங். இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர். பென் ஏர்ஸ் முதலிய நண்பர்களுடன் லெஸ்டரில் 1990களின் தொடக்கத்தில் குழுவை ஆரம்பித்தார். பெயரே ஒரு குத்தல். தெருமுனை மளிகைக் கடையைத்தான் அந்த ஊரில் கார்னர் ஷாப் என்பார்கள். இந்திய, பாகிஸ்தானிய முகத்தைப் பார்த்தாலே "கடை வைத்திருக்கிறாயா?" என்று கேட்கும் ஊரில், ஆமாம், இதுதான் எங்கள் கடை என்று பலகை மாட்டிவிட்டார்கள். தொடக்கத்தில் சத்தமும் கோபமும் மிகுந்த குழு. 1992இல், மொரிஸ்ஸி என்ற நட்சத்திரப் பாடகர் இனவாதச் சின்னங்களோடு விளையாடுகிறார் என்று சொல்லி, லண்டனில் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் வாசலில் அவருடைய படத்தை எரித்தவர்கள். அதே ஆட்கள் ஐந்தாண்டு கழித்து இவ்வளவு இதமான ஒரு பாட்டைத் தருவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பாட்டு ஒரு பின்னணிப் பாடகியைப் பற்றியது. இதை ஆங்கிலேயருக்கு விளக்க ஒரு பத்தி தேவைப்படும். திரையில் ஆடும் நடிகை பாடுவதில்லை, வேறொருத்தி பாடுகிறாள், எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அதை ஏமாற்று என்று நினைப்பதில்லை என்றெல்லாம் சொல்ல வேண்டும். நமக்குப் 'பின்னணி' என்ற ஒரு சொல் போதும். காட்சிகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு கனவை அணையாமல் காப்பவள் என்று அவளைப் பாட்டு சொல்கிறது. அவள் இருப்பது 45இல். அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும், ஏழு அங்குலச் சின்ன இசைத்தட்டில். நம் ஊர்களில் பழைய சினிமாப் பாட்டுகள் நான்கு நான்காக வந்தனவே, அந்தத் தட்டு.

தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது. பிரிம்ஃபுல் என்றால் விளிம்பு வரை தளும்பத் தளும்ப. ஆஷா என்றால் ஆஷா போஸ்லே. ஆஷா என்றால் நம்பிக்கை என்றும் பொருள். நம் 'ஆசை'யும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். 'ஆசை தளும்பும் தட்டு' என்று தமிழில் சொன்னால் பெயர் போய்விடும். 'ஆஷா தளும்பும் தட்டு' என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும். ஓர் எழுத்து நகர்ந்தால் இரண்டில் ஒன்று கை நழுவுகிறது. ஆனாலும் இவ்வளவு அருகில் வந்து பார்க்கிற வசதி லண்டன்காரருக்குக் கிடையாது.

ஆஷா நமக்கும் அந்நியர் இல்லை. இளையராஜா இசையில் 1987இல் அவர் பாடிய 'செண்பகமே'யைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. இந்தப் பாட்டு வந்த அதே 1997இல்தான் ரஹ்மானுக்காக 'இருவர்' படத்தில் பாடினார். லெஸ்டரில் ஒருவன் ஆஷாவின் பழைய தட்டைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, ஆஷா சென்னையின் புதுப் படத்தில் ஒலித்துக்கொண்டிருந்தார்.

இப்போது மூலப் பதிவு. ஒரு கிட்டார் தனியாகத் தொடங்கும். மூன்றே கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் மூன்று சுரக்கூட்டு. கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் மாதத்துப் பிள்ளைகள் வாசிக்கக்கூடியது. அவசரமே இல்லை. கடை திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி ஏற்றுகிறவரின் நிதானம். பிறகு டிரம்ஸ் சேரும். அதுவும் ஆளை உந்தித் தள்ளாது, கூடவே நடந்துவரும். டிஜிந்தர் சிங்குக்கு மேலே போய் எட்டிப் பிடிக்கும் குரல் கிடையாது. பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் ஓர் இடத்தில் நின்றுகொள்வார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு இந்தியாவின் பெரும் பாடகி ஒருவரைப் பற்றிப் பாடுவதே ஒரு பணிவு என்று எனக்குத் தோன்றும். ரசிகன் ரசிகனாகவே பாடுகிறான், போட்டிக்கு நிற்கவில்லை.

தலை சாய்த்துக்கொள்ள எல்லோருக்கும் ஒரு மார்பு வேண்டும், என்னுடையது 45இல் இருக்கிறது என்று ஒரு வரி வரும். பாட்டில் அதிகம் பேருக்குத் தெரிந்த வரி அதுதான். மூலத்தில் அது தாலாட்டு. புலம்பெயர்ந்த வீடொன்றில், வெளியே குளிர், உள்ளே அம்மாவின் மொழியில் ஒரு தட்டு சுழல்கிறது. பிள்ளை அதன்மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறான். பாட்டில் இதெல்லாம் சொல்லப்படவில்லை. அந்த நிதானம் இருப்பதால் எனக்கு இதெல்லாம் தெரிகிறது.

பிறகு ஒரு பட்டியல் வரும். முகமது ரஃபி, லதா மங்கேஷ்கர், பிரெஞ்சுப் பாடகர் ஜாக் டுட்ரோங்க், ஆங்கிலேய ராக் பாடகர் மார்க் போலன், ஜமைக்கா இசையை இங்கிலாந்தில் விற்ற ட்ரோஜன் நிறுவனம், வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த காலத்து ரேடியோ, பெர்குசன் ரெக்கார்டு பிளேயர், ஆல் இந்தியா ரேடியோ. பெரும்பாலான பெயர்களுக்குப் பதிலாக "ஃபார்ட்டி ஃபைவ்" என்று எதிர்க்குரல். கோயிலில் ஒருவர் பெயர் சொல்ல மற்றவர்கள் 'அரோகரா' போடுவது போலத்தான். ரஃபிக்கும் போலனுக்கும் ஒரே பீடம். ஒருவன் தன் வீட்டு அலமாரியில் இருந்ததை அப்படியே எடுத்து அடுக்கியிருக்கிறான்; தரவரிசை போடவில்லை.

ஆல் இந்தியா ரேடியோவை அந்த வரிசையில் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரமற்றது என்று வானொலியில் அதை ஒடுக்கினார். நாட்டு மக்கள் அப்படியே இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். ரேடியோ சிலோனில் அமீன் சயானி இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்ல, ஊரே காது கொடுத்தது. வேறு வழியின்றி 1957இல் விவித பாரதி பிறந்தது. அரசு எச்சரிக்கைகளைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை என்று இந்தப் பாட்டிலும் ஒரு வரி இருக்கிறது. கேஸ்கரை நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியக் காதுகள் அந்த வரியைக் கேட்டால் அங்கேதான் போகும்.

மூலப் பதிவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நீளம். தொகுப்பில் (ஆல்பத்தில்) இருக்கும் வடிவம் ஐந்து நிமிடத்துக்கும் மேல். மூன்று கார்டு, மாறாத தாளம், உயராத குரல். கவனம் இல்லாமல் கேட்டால் மூன்றாவது நிமிடத்தில் கை போனைத் தேடும். கேட்பவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் மட்டுமே அது தரும். சாய்வு நாற்காலிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

ரீமிக்ஸ் அப்படியில்லை. அது ஆளைத் தேடி வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

நார்மன் குக் பிரைட்டன்காரர். 1980களில் ஹவுஸ்மார்ட்டின்ஸ் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பிறகு ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் உலகத்தையே ஆடவைத்தார். அந்தப் பெரும்புகழ் வந்தது 1998இன் பிற்பகுதியில். இந்த ரீமிக்ஸ் அதற்குச் சற்று முன்னால். அவர் செய்த முதல் வேலை எளிது. வேகத்தைக் கூட்டினார். வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தவர்களுக்கு இது தெரியும். 33 சுற்றில் ஓட வேண்டிய பெரிய தட்டைப் போட்டுவிட்டு, அப்பா இல்லாத நேரம் பார்த்து விசையை 45க்குத் தள்ளினால் பாடகர் அணில் ஆகிவிடுவார். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். சுருதியும் கூடவே ஏறும். குக் அவ்வளவு தூரம் போகவில்லை. குரல் அணில் ஆகாமல், ஆனால் ஐந்து வயது குறைந்தது போல ஆகிற இடத்தில் நிறுத்தினார். டிஜிந்தரின் குரலில் இருந்த சோம்பல் போய், கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. 45ஐப் பற்றிய பாட்டை வேகம் கூட்டியே பிரபலமாக்கினார் என்பதில் இருக்கும் பொருத்தம் தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அழகு.

இரண்டாவது வேலை டிரம்ஸ். கூட நடந்துவந்த டிரம்ஸை வெளியே அனுப்பிவிட்டு, உடைத்து உடைத்துப் போடும் பெரிய அடியை உள்ளே கொண்டுவந்தார். மூன்றாவதுதான் அவருடைய கைநேர்த்தி. பல்லவியை வெட்டித் துண்டாக்கி, ஆஷா, ஃபார்ட்டி ஃபைவ் என்ற சொற்களைச் சுழலவிட்டார். தாளத்தை நிறுத்துவார், கிட்டார் மட்டும் இருக்கும், நாம் மூச்சைப் பிடித்திருப்போம், மறுபடி அடி விழும். ஜெண்டை மேளக்காரர்கள் எல்லோரையும் அடக்கிவிட்டு ஒருவரை மட்டும் வாசிக்கவிட்டு, பிறகு நாற்பது கோலும் ஒன்றாக இறங்குமே, அந்தத் தந்திரம்தான். மூலத்தில் மூன்று கார்டும் பாட்டைத் தாங்கும் தரை. ரீமிக்ஸில் அவை குதிக்கும் பலகை.

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய மெட்டைப் புதுப் பாடகரைக் கொண்டு மறுபடி பாடவைத்து, நடுவில் ராப் செருகுவது என்று ஆகிவிட்டது. அது வேறு வியாபாரம். இங்கே பாடகரின் பதிவான அதே குரல்தான். சுற்றியிருக்கும் வீட்டை மட்டும் இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த ரீமிக்ஸின் குறை என்ன? தலைசாய்க்கும் வரிதான் எனக்கு முள். வேகத்தில் அது கூட்டமாகக் கத்தும் கோஷம் ஆகிறது. மது விடுதியில் தோளில் கை போட்டுக்கொண்டு, கண்ணடித்துக்கொண்டு கத்துவதற்கு வாகான ஆபாச நகைச்சுவை. தாலாட்டு என்று யாருக்கும் தோன்றாது. ஆஷா யார் என்று கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. எனக்கும் தோன்றவில்லையே! 1998இல் திருச்சியில் விடுதித் தொலைக்காட்சியில் இதை முதலில் பார்த்தேன். ஒரு பெண் தன் அறையில் இசைத்தட்டுகளைப் போட்டு ஆடிக்கொண்டிருப்பாள். ஆஷா என்பது அந்தப் பெண்ணின் பெயர் என்றே ஓராண்டு நினைத்திருந்தேன். நாங்கள் பதினைந்து பேர் ஆடினோம். ஒருவனும் கேட்கவில்லை.

இதிலிருந்துதான் என் முதல் முடிவு பிறக்கிறது. கேட்கும் வரிசை முக்கியம். மூலத்தை முதலில் கேட்டவருக்கு ரீமிக்ஸ் ஒரு பரிசு. தெரிந்த முகம் புதுச் சட்டையில் வருகிறது. ரீமிக்ஸை முதலில் கேட்டவருக்கு மூலம் ஒரு காத்திருப்பு. எப்போது அடி விழும், எப்போது அடி விழும் என்று காது ஏங்கிக்கொண்டே இருக்கும், விழாது. எனக்கு மூலம் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பஸ் பயணத்தில், பல்லடம் தாண்டி மழையில் வண்டி நின்றிருந்தபோது, ரஃபி பெயர் காதில் விழுந்தது. அதுவரை அத்தனை முறை கேட்டும் விழாத பெயர்.

எனவே மாடியறையில் இதுவரை இந்தப் பாட்டைக் கேட்டிராத ஐந்து பேருக்காவது மூலம்தான் நியாயம் என்று முதலில் முடிவு செய்தேன். ஒரு முறைதான் ஒலிக்கும் என்ற விதி இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத முதல் முறையை வீணாக்கக் கூடாது.

ஆனால் இதை எல்லாப் பாட்டுக்கும் சட்டமாக்க மாட்டேன். எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற இருவர் குழுவின் 'மிஸ்ஸிங்' 1994இல் வந்து 69இல் நின்றது. மறு ஆண்டு டாட் டெர்ரியின் ரீமிக்ஸ் பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 2ஆம் இடம். அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு ரீமிக்ஸையே எடுப்பேன். பிரிந்துபோன ஒருவர் வாழ்ந்த தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவளின் பாட்டு அது. நிற்காமல் ஓடும் தாளம் அந்தப் பிடிவாதத்தைக் கூட்டத்தான் செய்கிறது. சோகத்தின் மேல் நடனத்தை ஏற்றினால் சோகம் கரையும் என்று நினைப்போம். அங்கே அது இறுகியது. ப்ரைமல் ஸ்க்ரீம் குழுவின் கதை இன்னும் ஒரு படி மேலே. 1989இல் வந்த அவர்களுடைய மெதுவான பாட்டு ஒன்றை ஆண்ட்ரூ வெதரால் பிரித்து மேய்ந்து, பாடகரின் குரலைக் கிட்டத்தட்ட முழுவதுமாகவே கழற்றிவிட்டு, 'லோடட்' என்று வேறு பெயரோடு 1990இல் கொடுத்தார். அது ரீமிக்ஸா, புதுப் பாட்டா என்று இன்றும் பேசலாம். எதை எடுப்பது என்ற கேள்வியே அங்கே எழாது. இரண்டும் இரண்டு பாட்டு.

ஆஷா பாட்டில் சிக்கல் வேறு. இங்கே சொற்களில் சரக்கு இருக்கிறது. ரீமிக்ஸ் அவற்றை அழிக்கவில்லை, தாண்டி ஓடுகிறது.

குழுவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் தராசில் வைத்தேன். அந்த இரண்டு குழுக்களும் ரீமிக்ஸ் காட்டிய பாதையில் நடந்தன. எவ்ரிதிங் பட் த கேர்ள் 1996 தொகுப்பில் முழுக்க நடனத் தாளங்களுக்குள் போனார்கள். ப்ரைமல் ஸ்க்ரீம் 1991இல் அதே வெதராலைச் சேர்த்துக்கொண்டு தங்கள் பெரிய தொகுப்பைச் செய்தார்கள். கார்னர்ஷாப் நடக்கவில்லை. கதவு திறந்து, கூட்டம் வாசலில் நின்றபோது, டிஜிந்தரும் பென்னும் கிளிண்டன் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் ஒரு தொகுப்பு செய்தார்கள். கார்னர்ஷாப் பெயரில் அடுத்த தொகுப்பு வர 2002 ஆயிற்று. அதற்குள் கூட்டம் கலைந்து, 'ஒரு பாட்டுக்காரர்கள்' என்ற முத்திரை விழுந்துவிட்டது. அந்த ஒரு பாட்டும் அவர்கள் பதிவுசெய்த வடிவத்தில் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே எனக்குப் 'பின்னணி' என்ற சொல் மறுபடி வந்து நின்றது. பாடகி திரைக்குப் பின்னால், வாயசைப்பவள் முன்னால் என்பதுதானே பாட்டின் பொருள்? 1998இல் மேடையில், உறையில், பத்திரிகையில் முன்னால் நின்றவர்கள் கார்னர்ஷாப். மக்கள் ஆடியது நார்மன் குக்கின் அடிக்கு. அவர் பின்னால் இருந்தார். குழு, தன் சொந்தக் குரலுக்கே வாயசைத்துக்கொண்டிருந்தது. யோசிக்க யோசிக்க இந்த ரீமிக்ஸ் பாட்டுக்குச் செய்த துரோகமா, அல்லது பாட்டின் பொருளை நடத்தியே காட்டிவிட்டதா என்று எனக்குக் குழம்பிவிடும்.

மூலம் தோற்றது என்று சொல்வதும் சரியில்லை. விற்பனைப் பட்டியலில் தோற்றது. பிபிசியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் ஆண்டுதோறும் தன் நேயர்களிடம் வாக்குக் கேட்டு, வழக்கமாக ஐம்பது பாட்டுகளை வரிசைப்படுத்துவார். 1997இன் வரிசையில் முதலிடம் இந்தப் பாட்டுக்குத்தான். ரீமிக்ஸ் கடைக்கு வருவதற்கு முன்பே. காது கொடுத்துக் கேட்கும் ஒரு சின்னக் கூட்டம் அதை ஏற்கெனவே சிம்மாசனத்தில் ஏற்றியிருந்தது. மாடியறையில் நாங்களும் அப்படி ஒரு சின்னக் கூட்டம்தான் என்று எனக்கு ஒரு கர்வம்.

மற்ற தேவைகளுக்கு யோசிக்கவே வேண்டாம். அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்குக் கார் ஓட்டினால் ரீமிக்ஸ். மூலத்தைப் போட்டால் நெரிசல் இன்னும் மெதுவாக நகர்வது போலிருக்கும். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், பிள்ளைகள் இருக்கும் இடம் என்றால் ரீமிக்ஸ், அதிலும் நான்கு நிமிடத்துச் சிங்கிள் வடிவம். ஆறு நிமிட நீள வடிவம் நடனத் தளத்துக்கு மட்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போனில் தனியாகக் கேட்க மூலம். காசு கொடுத்து வாங்குவதானால் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பையே வாங்குங்கள். அதில் இந்தப் பாட்டின் மூலம் இருக்கிறது; அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் தன் கவிதையைப் படிப்பது இருக்கிறது; கடைசியில் பீட்டில்ஸின் 'நார்வீஜியன் வுட்' பஞ்சாபியில் இருக்கிறது. சித்தார் வாசித்து இந்தியாவைக் கடன் வாங்கிய பாட்டை, வட்டியோடு பஞ்சாபியில் திருப்பி வாங்கிக்கொண்ட குறும்பு. அதற்கே கொடுத்த காசு தீர்ந்துவிடும்.

மூலம்தான் என்று முடிவு செய்து, புதன்கிழமை ஒலிபெருக்கியைச் சரிபார்க்க நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அலுவலகத்திலிருந்து வரவில்லை. அவனுடைய அம்மா இருந்தார். மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவர், கல்யாணமாகிக் கோவைக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகியும் கணக்கை இந்தியில்தான் போடுவார். நான் இரண்டையும் ஒலிக்கவிட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். மூலம் ஓடியபோது சமையலறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரீமிக்ஸ் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும், கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"யாரப்பா இது, ஆஷா ஆஷா என்கிறானே, நம் ஆஷாவா?"

"ஆமாம் அம்மா. ஆஷா போஸ்லேயைப் பற்றித்தான்."

"அப்படியானால் இதுதான் சரி. முன்னால் ஒன்று போட்டாயே, அது தூங்குகிறது. அவள் ஆட்டக்காரியின் பாட்டுப் பாடியவள் தம்பி. லதா என்றால் கோயில் மணி; நிதானமாகப் பாடலாம். ஆஷாவை இப்படி நிதானமாகப் பாடினால் அவளுக்கே பொறுக்காது."

என்னிடம் பதில் இல்லை. இந்தி இசையமைப்பாளர்கள் ஓ. பி. நய்யாரிடமும் ஆர். டி. பர்மனிடமும் ஆஷா பாடிய துள்ளல் பாட்டுகளும் கேபரே பாட்டுகளும் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. பத்து நாளாகச் சொற்களுக்கு எந்த வடிவம் நேர்மையானது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆஷாவுக்கு எது நேர்மையானது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் குக்கின் அடிதான் அவருக்குச் சொந்தக்காரன். தூங்கவைக்கும் மடியென்று டிஜிந்தர் நினைத்த அந்தக் குரல், மாட்டுங்காவில் ஒரு பெண்ணை எழுப்பி ஆடவைத்த குரல்.

மறுபடி மூலத்தைப் போட்டு, பட்டியல் வரும் இடத்துக்குத் தள்ளினேன். ரஃபி பெயர் வந்தது. லதா பெயர் வந்தது. கரண்டி நின்றது. ரேடியோ வந்தபோது, "சிலோனில் கேட்போம். புதன்கிழமை ராத்திரி. அப்பா திட்டுவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமைக்கு மூலத்தையே எடுத்துப் போகிறேன். அம்மா சொன்னது சரி என்று தெரிந்தேதான் எடுத்துப் போகிறேன். எட்டுப் பேரை எழுப்பி ஆடவைக்க அந்த மாடியில் இடமும் இல்லை, கீழ்வீட்டுக்காரரும் இருக்கிறார். ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரத் தெரிந்த கூட்டத்துக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிடலாம். ரீமிக்ஸை அவர்களே எங்காவது கேட்டுக்கொள்வார்கள். அது தானே தேடி வரும் வகை.

கிளம்பும்போது அம்மாவிடம் முடிவைச் சொன்னேன்.

"அந்த வேகமான ஆஷா?"

"விதி அம்மா. ஒரு பாட்டு, ஒரு வடிவம், ஒரே தடவை."

"விதி மாடிக்குத்தானே" என்றார். "போவதற்கு முன்னால் சமையலறை ரேடியோவில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ. சப்பாத்தி இன்னும் இருபது இருக்கிறது."